பல மதங்களைப் பார்ப்பதா, ஒன்றில் நிற்பதா, தொண்டில் இறங்குவதா? வட சென்னைவாசிக்கு ஓர் ஒப்பீடு

கோயிலுக்குப் போகிறேன், மனம் நிற்கவில்லை. பைபிள் படிக்கப் பிடித்திருக்கிறது, ஆனால் மதம் மாறும் எண்ணம் இல்லை. தியான முகாமுக்குப் போகலாமா? இதையெல்லாம் விட்டுவிட்டு நாலு பேருக்குச் சோறு போட்டால் போதுமா? தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கத்து வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி வெவ்வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் மனத்துக்குள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு, யாராவது தலையாட்ட வேண்டும் என்று காத்திருப்பவர்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையால் பெரிய பயன் இருக்காது. மெய்யாகவே இரண்டு மனமாக இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வட சென்னைக்காரருக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. ராயபுரத்தில் படகுக்காரர்கள் எழுப்பிய புனித பேதுரு ஆலயம், அதற்குப் பக்கத்திலேயே பார்சிகளின் அக்னி ஆலயம், கொஞ்சம் தள்ளி குணங்குடி மஸ்தான் சாகிபு தர்கா. திருவொற்றியூரில் தியாகராஜரும் வடிவுடையம்மனும். பெரம்பூரில் லூர்து மாதாவும் பௌத்த விகாரும். சவுகார்பேட்டையில் சமணக் கோயில்கள், மண்ணடியில் பள்ளிவாசல்கள். ஒரு நாள் பஸ்ஸில் சுற்றினால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தேடல் பாதியில் நின்றுபோவதற்கும் இதே வசதிதான் பல நேரம் காரணம் என்பது என் எண்ணம்.

## முதலில் அளவுகோல்கள்

எந்த வழியானாலும் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. அங்கே சொல்லப்படுவது உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்கிறதா?
2. கதவு எவ்வளவு தூரம் திறக்கும்? வாசல்வரையா, கூடம்வரையா, உள்ளேயா?
3. பணம், நேரம் எவ்வளவு? முதல் மாதக் கணக்கு போதாது, மூன்றாம் ஆண்டுக் கணக்கு வேண்டும்.
4. உங்கள் தேடலின் சுமை வீட்டில் யார் தலையில் விழும்?
5. இரண்டு வாரம் நீங்கள் போகாவிட்டால் அங்கே யாராவது உங்களைத் தேடுவார்களா?

கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். யாரும் தேடாத இடத்தில் நாம் பார்வையாளராகவே இருந்துவிட முடியும். பார்வையாளருக்குக் கோபம் வர வேண்டியதில்லை, மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, பிடிக்காத ஆளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. குணம் திருந்துவதற்கான சந்தர்ப்பங்களோ பெரும்பாலும் இந்த மூன்றில்தான் கிடைக்கின்றன.

## வழி ஒன்று: பிறந்த மரபிலேயே ஆழமாக இறங்குவது

"அதெல்லாம் தெரிந்ததுதானே" என்று இதைத்தான் முதலில் தள்ளுகிறார்கள். தெரியுமா என்று கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவுடையம்மனைக் கும்பிடுகிற பலர், அதே கோயிலில் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார் என்பதையும், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டுமே கவசமில்லாமல் புனுகுத் தைலக் காப்போடு காட்சி தருகிறார் என்பதையும் கவனித்ததில்லை. செக்காட்டிப் பிழைத்துக் கோயிலுக்கு விளக்கெரித்த கலிய நாயனார் இந்த ஊர்க்காரர். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், மணந்த பிறகு, பிரியேன் என்று அவருக்குச் செய்த சத்தியத்தை மீறியதும் இந்த ஊரில்தான். பட்டினத்தார் அடங்கிய இடம் கடலோரத்தில் இருக்கிறது. செல்வம் முழுவதையும் உதறிய ஒருவரும், கையில் காசில்லாதபோதும் விளக்கை அணையவிடாத ஒருவரும் ஒரே ஊரில் போற்றப்படுகிறார்கள். இருவரில் உங்கள் பாதை யாருடையது என்று யோசிக்கத் தொடங்கினாலே ஓராண்டுக்கு வேலை இருக்கிறது.

இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் இதே கணக்குதான். குர்ஆனை அரபியில் ஓதி முடித்தவர்களில் தமிழில் பொருளோடு முழுவதும் படித்தவர்கள் எத்தனை பேர்? ஞாயிறு ஆராதனையில் மனப்பாடமாகச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை ஒரு வரியாவது நிறுத்தி யோசித்தவர்கள் எத்தனை பேர்?

செலவு குறைவு, வழி தெரியும், மொழி தெரியும், வராவிட்டால் பூக்கார அம்மாவே கேட்பார். மறைந்திருக்கும் செலவு வேறு. சொந்த மதத்தில் ஆழம் தேடப் போகிறவர், அங்குள்ள கமிட்டிச் சண்டை, யாருக்கு முதல் மரியாதை என்ற தகராறு, வரி வாங்கியும் சிலரைத் தள்ளி நிறுத்தும் வழக்கம் எல்லாவற்றையும் கிட்டத்தில் பார்க்க நேரும். தூரத்தில் நின்று கும்பிட்டவரை இவை உறுத்தியிருக்காது.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லவும் மாட்டேன். பிறந்த மரபே காயப்படுத்தியிருந்தால், "அதிலேயே ஆழமாகப் போ" என்பது அறிவுரையாகாது, கொடுமை. 1898இல் சாதியை எதிர்த்த அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியதற்குப் பின்னால் இருந்த நியாயம் இதுதான். பெரம்பூரில் பௌத்தம் இன்றும் இருப்பதற்குப் பின்னாலும் அந்த நியாயம் இருக்கிறது.

## வழி இரண்டு: பல வழிபாட்டிடங்களுக்கும் சென்று பார்ப்பது

இதன் பெரிய லாபம் பயம் போவது. பக்கத்துத் தெருவில் என்ன நடக்கிறது என்று தெரியாதபோதுதான் வதந்திக்குக் கால் முளைக்கிறது.

ரமலான் மாதத்தில் அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடியும் நேரம் ஏதாவது ஒரு பள்ளிவாசல் வாசலில் போய் நின்று பாருங்கள். பெரிய அண்டாவில் நோன்புக் கஞ்சி. பச்சரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் ஒன்றாகக் குழைந்த வாசனை தெருமுனைவரை வரும். தூக்குச்சட்டியும் சொம்பும் குழம்புப் பாத்திரமுமாக வரிசை நிற்கும். அதில் நெற்றியில் குங்குமம் வைத்த அம்மா இருப்பார், பள்ளிச் சீருடையில் பையன் இருப்பான். கரண்டி பிடிப்பவர் பாத்திரத்தின் அளவைப் பார்ப்பாரே தவிர, உங்கள் வீட்டில் நோன்பா என்று கேட்க மாட்டார். சர்வமத நல்லிணக்க மேடைப் பேச்சு பத்துக் கேட்பதைவிட இந்த வரிசையில் ஒரு முறை நிற்பது மேல்.

ஆனால் எல்லாக் கதவும் ஒரே அளவு திறக்காது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ராயபுரம் அக்னி ஆலயம் 1910இல் எழுந்தது. தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு இருப்பது அது ஒன்றுதான். பார்சி அல்லாதவர் உள்ளே போக முடியாது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். கத்தோலிக்கத் திருப்பலியில் உட்காரலாம், பாடலாம். நற்கருணை வாங்க மட்டும் எழுந்து போகக் கூடாது. சமணக் கோயிலுக்குத் தோல் பெல்ட்டும் தோல் பர்ஸும் ஆகாது. பெண்களுக்குத் தொழுகையிடம் இருக்கிறதா என்பது பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அரண்மனைக்காரன் தெருவில் அந்தோணியார் சன்னிதிக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் எல்லா மதத்தாரும் வருகிறார்கள், அங்கே யாருக்கும் தயக்கம் வேண்டாம். அதே தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியர் ஆலயம் இருக்கிறது. வழிபடும் சமூகம் ஊரைவிட்டுப் போன பிறகு ஒரு ஆலயம் எப்படி இருக்கும் என்று பார்க்க அது ஒன்று போதும்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு, நாம் சேகரிப்பாளராகிவிடுவது. இங்கிருந்து கொஞ்சம் ஊதுவத்தி, அங்கிருந்து கொஞ்சம் மெழுகுவர்த்தி, தர்காவில் ஒரு கயிறு. பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, நம்மைக் கேள்வி கேட்கும் பகுதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். எல்லாமே அழகாக இருக்கும், எதுவும் நம்மைத் தொடாது. முன் சொன்ன ஐந்தாவது கேள்வியில் இந்த வழி சுத்தமாகத் தோற்கிறது.

தோற்காமல் இருக்க ஒரு வழி உண்டு: இடத்தைத் தேடிப் போகாமல் ஆளோடு போவது. ஜும்மா பயான், அதாவது வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு, கேட்க வேண்டுமானால் கூட வேலை பார்க்கும் பாயோடு போங்கள். மண்ணடியில் அது தமிழில் இருக்கும், முழுவதும் புரியும். சமணர்களின் பர்யுஷண நோன்பு நாட்களைப் பற்றி அறிய வேண்டுமானால், சரக்கெடுக்கும் கடை முதலாளியைக் கேளுங்கள். பிரவசனம் இந்தியிலோ குஜராத்தியிலோ இருந்தால் அவர்தான் உங்களுக்கு மொழி. அந்த மதத்தை வாழ்கிற ஒருவர் பக்கத்தில் இருந்தால், அவர் முகத்துக்காகவாவது நாம் ஒழுங்காக இருப்போம்.

## வழி மூன்று: ஒரு புதிய மரபை எடுத்து ஓராண்டு அதிலேயே இருப்பது

பல மதங்களின் வழியே போனவர் என்று எல்லோரும் ராமகிருஷ்ணரைச் சொல்வார்கள். அவர் எப்படிப் போனார் என்பதைப் பேசுவதில்லை. பல ஆண்டு காளி வழிபாட்டுக்குப் பிறகே 1866இல் இஸ்லாமிய முறையைத் தீட்சை பெற்றுத் தொடங்கினார். அந்த நாட்களில் இஸ்லாமிய உடை உடுத்தினார், அல்லாஹ்வின் பெயரைச் சொன்னார், காளி கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. கிறிஸ்துவை நோக்கித் திரும்பியது 1874இல். ஒன்றில் இருக்கும்போது இன்னொன்றை மூடி வைத்தார் என்பதே இதில் பாடம். குளித்தலைக்குப் பக்கத்தில் 1950இல் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கிய சாந்திவனம் வேறு வகை. காவி உடுத்தி, தரையில் உட்கார்ந்து, உபநிடதம் படித்தாலும் அவர்கள் கத்தோலிக்கத் துறவிகளாகவே இருந்தார்கள். வேரை மாற்றாமல் வேறு காற்றை உள்ளே விட்டவர்கள்.

நம் அளவுக்கு வருவோம். பத்து நாள் விபாசனா மௌனத் தியான முகாம் இப்போது பலரும் கேட்கும் வாய்ப்பு. சென்னைக்காரர்களுக்கான மையம் திருமுடிவாக்கத்தில், தண்டையார்பேட்டையிலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கிறது. கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விரும்பித் தருவதில் நடக்கிறது. இலவசம் என்றதும் செலவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பத்து நாள் என்றால் போகும் நாளும் வரும் நாளும் சேர்த்துப் பன்னிரண்டு நாள் விடுப்பு. விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். பேசக் கூடாது, செல்போனை ஒப்படைத்துவிட வேண்டும், பூஜையும் ஜெபமாலையும் மந்திரமும் அந்த நாட்களில் கிடையாது. முடித்து வந்த பிறகு காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்வார்கள். ஒற்றை அறை வீட்டில், குழந்தை படிக்க, குக்கர் விசிலடிக்க, அந்த ஒரு மணி நேர அமைதியை உங்களுக்காக யார் உண்டாக்கித் தருவார்கள்? பெரும்பாலும் மனைவி. அவருடைய ஆன்மிகத்துக்கு யார் நேரம் ஒதுக்குவது என்ற கேள்வியைக் கேட்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜெபக் கூட்டங்களில் சேர்பவர்கள் கவனிக்க வேண்டியது தசமபாகம். வருமானத்தில் பத்தில் ஒன்று என்பது மாதம் இருபதாயிரம் வாங்குபவருக்கு இரண்டாயிரம். மனமுவந்து தருவது வேறு, கூட்டத்தில் பெயர் வாசிப்பார்களே என்று தருவது வேறு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஐந்தாவது கேள்வியில் இவர்கள்தான் முதலிடம். நீங்கள் ஒரு ஞாயிறு வராவிட்டால் மாலைக்குள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

பழகிப் பார்ப்பதும் மதம் மாறுவதும் வேறு வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு இதில் பெரிய விலை இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி இந்துக்களுக்கு என்றானது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறினால் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் அப்படிக் கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கு நிற்கும் மகளின் சான்றிதழில் போய் இது முடியும். இது நியாயமா என்பது வேறு விவாதம். தெரியாமல் கையெழுத்திடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

## வழி நான்கு: தொண்டை முதலில் வைப்பது

ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வளர்ந்த ராமலிங்க அடிகள், அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே போய் வந்தவர். அவரை வடலூர்க்காரராகவே நினைத்துப் பழகிவிட்டோம். 1858இல் புறப்படும்வரை அவர் வட சென்னைக்காரர். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்தவருக்குச் சோறு போடுவதை வழிபாட்டுக்குப் பிறகு செய்யும் புண்ணியக் காரியமாக அவர் வைக்கவில்லை. கடவுளை அடையும் வழியே ஜீவகாருண்யம் என்று வைத்தார்.

இந்தப் பகுதிக்கு அதில் அவருக்கும் முந்திய பழக்கம் உண்டு. 1782 பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. பெரியவர்கள் இன்னும் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வார்கள்.

காசிமேட்டுக்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: "வள்ளலார் வழி பிடிக்கிறது. ஆனால் எங்கள் பிழைப்பே மீன். புலால் மறுக்காமல் அந்த வழியில் நிற்க முடியுமா?" சன்மார்க்கத்துக்குள் முழுமையாகப் போவதானால் முடியாது. அதில் வள்ளலார் விட்டுக்கொடுத்ததில்லை. புலால் உண்பவர்களைப் புற இனத்தார் என்றே பிரித்தார். ஆனால் பசி என்று வந்தால் அவர்களுக்கும் சோறு போட வேண்டும் என்பதிலும் அவர் அதே உறுதியோடு இருந்தார். எனவே காசிமேட்டுக்காரருக்கு என் பதில்: உறுப்பினராக முடியாது, ஊழியராக முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதற்கு யாருடைய தீட்சையும் வேண்டாம்.

தொண்டில் மறைந்திருக்கும் செலவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. முதலாவது, எல்லோருக்கும் வசதியான நேரத்தில் எல்லோரும் வருவது. அமாவாசையன்று மதியம் ஆஸ்பத்திரி வாசலில் சாம்பார் சாதப் பொட்டலம் மிஞ்சும். சாதாரண புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நோயாளியோடு வந்த ஒருவருக்கு அப்போது சோற்றைவிடவும் தேவைப்படுவது, சீட்டைப் படித்து ஸ்கேன் எந்தக் கட்டடத்தில் என்று காட்டும் ஆள். அவர் குளித்துவிட்டு வரும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரும் ஆள். இதில் படம் எடுக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் ஆள் கிடைப்பதில்லை.

இரண்டாவது, கொடுப்பவர் என்ற கர்வம். இது மெதுவாக ஏறும் பித்தம். மூன்றாவது, வற்றிப்போவது. பிரார்த்தனையோ தியானமோ உள்ளே ஒன்றும் இல்லாமல் தொண்டு மட்டும் செய்பவர்கள் இரண்டாம் ஆண்டில் எரிந்து விழத் தொடங்குவதைப் பல குழுக்களில் பார்க்கலாம். நோயாளி நன்றி சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு நின்றுவிட்டவர்கள் உண்டு.

## ஒரே பார்வையில்

| | பிறந்த மரபு | பல இடங்கள் | ஒரு புதிய மரபு, ஓராண்டு | தொண்டு |
|---|---|---|---|---|
| மொழி | தெரியும், பொருள் தெரியாமலும் இருக்கலாம் | இடத்துக்கு இடம் மாறும் | கற்க வேண்டும் | பிரச்சினை இல்லை |
| கதவு | பலருக்குத் திறந்திருக்கும், சிலரைக் காயப்படுத்தியது | பாதிவரை | ஆசிரியர் இருந்தால் உள்ளேவரை | எப்போதும் திறந்திருக்கும் |
| பணம் | குறைவு | பஸ் செலவு | விடுப்பு, காணிக்கை | நீங்கள் வைப்பதுதான் அளவு |
| வீட்டில் சுமை | குறைவு | குறைவு | அதிகம் | நேரம் தவறினால் அதிகம் |
| வராவிட்டால் தேடுவார்களா | பெரும்பாலும் | இல்லை | ஆம் | ஒரே கிழமை, ஒரே இடம் என்றால் ஆம் |
| முக்கிய ஆபத்து | பழக்கமாகத் தேய்ந்துபோவது | சேகரிப்பு | அவசர முடிவு | கர்வம், களைப்பு |

## யாருக்கு எது

முடிவெடுக்கவே முடியவில்லை என்றால் தொண்டில் தொடங்குங்கள். வாரத்தில் ஒரு கிழமை, ஒரே இடம், ஆறு மாதம். இதில் நம்பிக்கையை முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு உள்ளே என்ன குறைகிறது என்பதும் அதில்தான் சீக்கிரம் தெரியும். பொறுமை குறைகிறது என்று கண்டவர் தியானத்துக்குப் போகலாம். அழத் தெரியவில்லை என்று கண்டவருக்குத் தேவாரம் பாடும் இடமோ ஜெபக் கூட்டமோ உதவும். நோயைத் தெரிந்துகொண்டு மருந்துக் கடைக்குப் போவதுதானே முறை.

ஓய்வு பெற்றவர்கள், கையில் நேரம் உள்ளவர்கள், ஏற்கெனவே கோயிலோ ஆலயமோ பள்ளிவாசலோ வழக்கமாகப் போகிறவர்கள்: முதல் வழியே போதும், பாடமாகப் படிக்கத் தொடங்குங்கள். இருபது வயதுக்காரர்கள், கலப்பு மணம் செய்யப் போகிறவர்கள், பிள்ளைகளுக்குப் பிற மதங்களைக் காட்ட நினைக்கும் பெற்றோர்கள்: இரண்டாவது வழி, ஆளோடு. மணம் செய்பவர்கள் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் இருவரும் அவரவர் மதத்திலேயே இருக்கலாம் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்; அவசரத்தில் பெயர் மாற்றிக்கொள்வது தேடலாகாது. பிறந்த மரபில் அவமானப்பட்டவர்களுக்கு மூன்றாவது வழி, தயங்காமல். சான்றிதழ் விவகாரத்தை மட்டும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு. எண்ணூரில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு நேரம் குறித்த வகுப்பு எதுவும் ஒத்துவராது. அவருக்குப் புதன்கிழமை இரவு ஆஸ்பத்திரி வாசல் பொருத்தமாக இருக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டில் சாவு நிகழ்ந்து சில மாதமே ஆனவர்களும், தூக்கமில்லாமல் மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்களும், பத்து நாள் மௌன முகாமை முதல் படியாக எடுக்க வேண்டாம். விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிக் கேட்பார்கள், உண்மையை எழுதுங்கள். மருத்துவர் சரி என்ற பிறகு போகலாம். முகாம்கள் ஆண்டு முழுவதும் நடக்கின்றன, இடம் கிடைக்கும்.